இடித்த சுவரின் இடம்: புதுச்சேரி சம்பா கோவிலும் தேசிய வரலாற்றுச் சின்னம் என்னும் தகுதியும்

கேள்வி

புதுச்சேரியின் மண்ணாடிப்பட்டு கொம்யூனில் தேசிய முக்கியத்துவம் உள்ளவை என்று இந்திய அரசு அறிவித்த கோவில்கள் இரண்டு உண்டு. ஒன்று திருபுவனை வரதராஜப் பெருமாள் கோவில். மற்றொன்று திருவண்டார்கோவில் பஞ்சநதீஸ்வரர் கோவில். தெற்கே பாகூரில் மூலநாதர் கோவிலுக்கும் இதே தகுதி உண்டு. திருபுவனைக் கல்வெட்டு ஒன்று, முதலாம் இராஜாதிராஜன் காலத்தில் 260 மாணவர்களும் 12 ஆசிரியர்களும் கொண்ட கல்லூரி அங்கே நடந்ததைச் சொல்கிறது. பாகூரில் கிடைத்த நிருபதுங்கவர்மன் காலச் செப்பேடு, அவ்வூர் வித்தியாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் விடப்பட்ட செய்தியைத் தருகிறது. கல்வி வரலாற்றுக்கு இவை அரிய சான்றுகள். அந்தக் கல்லூரிகளில் யாருக்கு இடமில்லை என்பதைக் கல்லில் வெட்டவேண்டிய தேவை மட்டும் அன்றைக்கு யாருக்கும் ஏற்படவில்லை.

கல்லின் வயதும் கல்வெட்டின் வரியும் ஓர் இடத்தைத் தேசியச் சின்னமாக்குகின்றன. வழிபாட்டிடத்துக்குள் பிறரோடு சமமாக நிற்கும் உரிமையை மக்கள் கேட்டுப் பெற்ற இடத்துக்கும் அந்தத் தகுதி கிடைக்குமா? கிடைத்தால் அங்கே காக்கவேண்டியது கட்டடமா, அங்கு நடந்ததா? புதுச்சேரி மிஷன் வீதியிலுள்ள தூய ஜென்மராக்கினி மாதா பேராலயத்தை, ஊரார் வழக்கில் சம்பா கோவிலை, முன்வைத்து இந்தக் கேள்வியை ஆராய்கிறது இக்கட்டுரை.

புதுச்சேரியின் பாரம்பரியம் பற்றிய எழுத்துகளில் பெரும்பகுதி கட்டடக்கலை சார்ந்தது. இன்டாக் அமைப்பு 1980களிலிருந்து இங்கே செய்துவரும் பணி மதிக்கத்தக்கது. தமிழர் பகுதியிலுள்ள வைசியாள் வீதியின் திண்ணைகளையும் தாழ்வாரங்களையும் மீட்ட திட்டம் 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய–பசிபிக் விருதைப் பெற்றது. 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்த மேரி என்னும் நகராட்சிக் கட்டடம் பழைய தோற்றத்திலேயே மறுபடி எழுப்பப்பட்டு 2021இல் திறக்கப்பட்டது. இந்தப் பார்வையில் சம்பா கோவிலும் தவறாமல் இடம்பெறுகிறது. கீழடுக்கில் டோரிக் தூண்களும் மேலடுக்கில் அயோனிக் தூண்களும் இணை இணையாக நிற்கும் முகப்பைக் கையேடுகள் விவரிக்கின்றன. அந்த வளாகத்தில் 1745இல் ஒரு சாதிச் சுவர் இடிக்கப்பட்ட செய்தியோ ஆய்வு நூல்களுக்குள்ளேயே தங்கிவிடுகிறது.

அட்லாண்டாவில் காத்த விதம்

வழிபாட்டிடத்தைக் குடியுரிமைப் போராட்டத்தின் சின்னமாகக் காத்ததில் உலகறிந்த முன்மாதிரி, அமெரிக்காவின் அட்லாண்டா நகரிலுள்ள எபனேசர் பாப்டிஸ்ட் தேவாலயம். மார்ட்டின் லூதர் கிங்கின் தாய்வழிப் பாட்டனாரும் தந்தையும் போதகர்களாக இருந்த கோவில் அது. 1960 முதல் 1968இல் கொல்லப்படும்வரை கிங் தம் தந்தையோடு அங்கே இணைப் போதகராகப் பணியாற்றினார். 1974இல் அவருடைய தாயார் அதே கோவிலில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார்.

அமெரிக்கப் பாரம்பரியப் பதிவேட்டின் விதிகள் இரண்டு இங்கே கவனிக்கத்தக்கவை. வழிபாட்டிடங்களைப் பொதுவாகச் சேர்ப்பதில்லை என்பது ஒன்று; ஐம்பது ஆண்டுகளுக்குள் முக்கியத்துவம் பெற்ற இடங்களைப் பொதுவாக ஏற்பதில்லை என்பது மற்றொன்று. இரண்டுக்கும் விலக்கு உண்டு. கிங் இறந்து பன்னிரண்டே ஆண்டுகளில், 1980 அக்டோபரில், அவர் பிறந்த வீடும் எபனேசர் கோவிலும் கல்லறையும் சுற்றியுள்ள ஆபர்ன் அவென்யூ பகுதியும் சேர்ந்து தேசிய வரலாற்றுத் தலமாயின. 2018இல் அது தேசிய வரலாற்றுப் பூங்காவாகத் தரம் உயர்ந்தது. தனிக் கட்டடத்தைப் பிரித்தெடுக்காமல், கறுப்பின மக்கள் வாழ்ந்து தொழில் நடத்திய ஒரு வட்டாரத்தையே சேர்த்துக் காத்ததுதான் இதில் மெச்சத்தக்கது.

அதற்கு ஒரு விலையும் கொடுக்கவேண்டியிருந்தது. 1999இல் சபையார் எதிரே கட்டிய புதிய ஆலயத்துக்குப் பெயர்ந்தார்கள். பழைய கோவிலை, கிங் பிரசங்கித்த 1960களில் இருந்த தோற்றத்துக்குத் தேசியப் பூங்காத் துறை மீட்டு, 2011இல் முழுமையாகத் திறந்தது. வழிபாடு வெளியேறிய பிறகே அங்கே வரலாறு முழுமையாகக் குடியேறியது. ஆனால் எல்லா இடத்திலும் இப்படி நடக்கவேண்டியதில்லை. 1963 செப்டம்பர் 15இல் குண்டுவெடிப்பில் நான்கு சிறுமிகளைப் பலிகொடுத்த பர்மிங்காம் 16ஆம் தெரு பாப்டிஸ்ட் தேவாலயம் 2006இல் தேசிய வரலாற்றுச் சின்னமானது. அங்கே ஞாயிறு ஆராதனை இன்றும் நடக்கிறது. நம் ஊர்க் கோவில்களுக்குப் பொருந்தும் முன்மாதிரி இதுவே.

எபனேசர் பீடத்துக்கும் நமக்கும் நேரடித் தொடர்பு ஒன்றும் உண்டு. 1959இல் இந்தியாவுக்கு வந்த கிங், திருவனந்தபுரத்தில் தலித் மாணவர்கள் படித்த பள்ளி ஒன்றுக்குப் போனார். அங்கே தலைமையாசிரியர் அவரை அமெரிக்காவிலிருந்து வந்த தீண்டத்தகாதவர் என்று அறிமுகப்படுத்தினார். முதலில் அது அவரைத் தைத்தது. பிறகு தம் நாட்டில் தம் மக்களின் நிலை அதுவே என்பதை ஒப்புக்கொண்டார். 1965 ஜூலை 4ஆம் தேதி எபனேசரில் ஆற்றிய பிரசங்கத்தில் கிங் இந்த நிகழ்ச்சியைச் சொன்னார். அமெரிக்க அரசு காத்துவரும் அந்தப் பீடத்தில் நம் சாதியின் கதையும் ஒலித்திருக்கிறது. நம்முடைய கோவிலில் நடந்ததை நாம்தான் இன்னும் எழுதிவைக்கவில்லை.

1745: நாட்குறிப்பு தரும் செய்தி

புதுச்சேரி வணிகர் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் 1745 அக்டோபர் மாதப் பதிவொன்று இந்த நிகழ்ச்சியைச் சொல்கிறது. அன்றைய சம்பா கோவிலின் உள்ளே வடபுறத்தில் ஒரு சுவர் இருந்தது. அதற்கு ஒரு பக்கம் தலித் கிறித்தவர்கள். பிள்ளை அவர்களைச் சாதிப் பெயராலேயே குறிக்கிறார். மறுபக்கம் சாதிக் கிறித்தவர்களும் சட்டைக்காரர்கள் எனப்பட்ட ஐரோப்பிய–இந்தியக் கலப்பினரும் ஐரோப்பியரும். காரைக்காலிலிருந்து வந்திருந்த பாதிரியார் ஒருவர் இந்த ஏற்பாட்டைக் கண்டித்துப் பேசினார். அதன்பின் சேரி மக்கள் திரண்டு பெரிய சாமியாரிடம் போனார்கள். தாங்களும் அவருடைய பிள்ளைகள்தாம் என்றால் பூசை காண மட்டும் ஏன் இந்த வேற்றுமை என்று கேட்டார்கள். அவர் நியாயத்தை ஒப்புக்கொண்டு சுவரை இடிக்கச் செய்தார். எல்லாரும் கலந்து நின்று பூசை கண்டார்கள்.

சாதிக் கிறித்தவர்கள் இதைப் பொறுக்கவில்லை. இடையில் இன்னொரு பிணக்கும் சேர்ந்துகொண்டது. பிரெஞ்சுக்காரருக்கு மொழிபெயர்ப்பாளரும் இடையாளருமான தலைமைத் துபாஷி கனகராய முதலியாரின் உறவுக்காரப் பெண் ஒருவர் மெல்லிய சேலையும் நகையும் அணிந்து, வாசனை பூசிக்கொண்டு பூசைக்கு வந்தார். பாதிரியார் மூக்கைப் பிடித்துக்கொண்டு அவரைக் கடிந்துபேசினார். சுவர் போன கோபமும் இந்த அவமானமும் ஒன்றுசேர்ந்து, விவகாரம் ஆளுநர் துய்ப்ளெக்ஸ் வரை எட்டியது. அதே ஆண்டு நவம்பர் இறுதியில், கனகராய முதலியார் தம் மறைந்த மகனின் நினைவாக உழவர்கரையில் கட்டிய அந்திரேயா கோவில் அர்ச்சிக்கப்பட்டு, பெரிய விருந்து நடந்தது. ஒரு கோவிலில் பிரிவினைச் சுவர் விழுந்த சில வாரங்களில், அந்நகரத்தின் தமிழ்க் கிறித்தவர்களில் முதன்மையானவர் தமக்கென ஒரு கோவிலைத் திறந்துவைத்தார். இரண்டுக்கும் காரண–காரிய உறவு இருந்ததாகச் சொல்வது மிகை. கட்டுமானம் முன்பே தொடங்கியிருக்கவேண்டும். ஆனாலும் அந்த ஆண்டில் கோவில் என்பது நகரத்தில் எவ்வளவு பெரிய அந்தஸ்துக் களமாக இருந்தது என்பதற்கு இது போதிய சான்று.

சான்றை எடைபோடுதல்

இந்தப் பதிவை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. பிள்ளை சாதியொழுக்கத்தில் உறுதியான இந்து. துபாஷிப் பதவிக்குக் கனகராய முதலியாரோடு போட்டியில் இருந்தவர். 1746இல் முதலியார் இறந்த பிறகு அந்தப் பதவி பிள்ளைக்கே வந்தது. கிறித்தவர்களின் வீட்டுச் சண்டையை எழுதும்போது அவர் பேனாவில் ஒரு தனி உற்சாகம் இருந்திருக்கலாம். ஆனால் சுவர் இருந்தது, இடிந்தது என்னும் செய்திகளைப் புனைவதால் அவருக்கு ஆதாயம் எதுவும் இல்லை. நாள்தோறும் வியாபாரக் கணக்கின் ஒழுங்கோடு எழுதியவர் அவர். நிகழ்ச்சியை நம்பலாம், அவருடைய தொனியைத்தான் தள்ளிவைக்கவேண்டும்.

சுவரை இடித்தது யார் என்பதில் இரண்டு விளக்கங்கள் சாத்தியம். மேலிருந்து வந்த மாற்றம் என்பது ஒன்று. போப்பின் தூதர் டூர்னோன் 1704 ஜூனில் புதுச்சேரியிலேயே இருந்து பிறப்பித்த ஆணை, நோயுற்ற தலித் கிறித்தவர்களின் வீட்டுக்குள் சென்று குருக்கள் திருவருட்சாதனங்களை வழங்கவேண்டும் என்றது. கிறித்தவர்கள் உள்ளூர் வழக்கங்களைக் கைக்கொள்ளலாமா என்னும், மலபார் சடங்குகள் பற்றிய நீண்ட வழக்கைப் போப் பதினான்காம் பெனடிக்ட் 1744 செப்டம்பரில் முடித்துவைத்தார். ஓராண்டு கழித்துச் சுவர் விழுகிறது. காலவரிசையைப் பார்த்தால் உரோமையின் கை தெரிகிறது என்று வாதிடலாம்.

இந்த விளக்கம் எனக்குப் போதவில்லை. சுவர் இருந்தது 1728–1736இல் எழுந்த கோவிலில். டூர்னோன் ஆணை வெளிவந்து இருபத்துநான்கு ஆண்டுகளுக்குப் பிறகு தொடங்கிய கட்டடம் அது. அதற்குள்ளும் சுவர் எழுந்திருக்கிறது. ஆணை மட்டுமே சாதியை அசைக்கப் போதுமானது என்றால் அந்தச் சுவருக்குக் கடைக்காலே விழுந்திருக்காது. ஆணை ஒரு வாய்ப்பைத் தந்தது. காரைக்கால் பாதிரியார் ஒரு சொல்லைத் தந்தார். சேரியிலிருந்து கிளம்பிப் போய்க் கேட்டவர்களே சுவரை இடித்தார்கள். நாட்குறிப்பில் முதலியார்களுக்குப் பெயர் உண்டு. கேட்டவர்கள் அங்கே கூட்டமாகவே வருகிறார்கள். தலைவர் ஒருவரின் பெயர் கிடைத்தால்தான் நினைவுச்சின்னம் என்னும் நம் வழக்கம் இந்த இடத்தில் தடுமாறுகிறது. சுவர் அன்றோடு நிரந்தரமாகப் போயிற்று என்றும் கொள்ளக்கூடாது. கோவில்களுக்குள் பிரிவினை புதுப்புது வடிவங்களில் தொடர்ந்தது.

அதே வளாகத்துக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் முற்றுகை நடந்த வேளையில், சம்பா கோவிலை ஒட்டியிருந்த வேதபுரி ஈசுவரன் கோவில் துய்ப்ளெக்ஸின் ஆணைப்படி இடிக்கப்பட்டது. ஏசுசபைப் பாதிரிமார்கள் அதற்கு முன்னின்றதையும், ஒரு பாதிரியார் சிவலிங்கத்தை உடைத்ததையும் பிள்ளை மிகுந்த வேதனையோடு எழுதுகிறார். சமத்துவத்துக்காக உள்சுவரை இடித்த சபையே மூன்றாண்டுகளில் பக்கத்துக் கோவிலையும் இடித்தது. 1745ஐ மட்டும் சொல்லி 1748ஐ மறைக்கும் பலகை நேர்மையானதாக இராது.

கட்டடச் சான்றும் நம் கையில் இல்லை. 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைத் தரைமட்டமாக்கியபோது அந்தக் கோவிலும் அழிந்தது. இப்போது நிற்பது 1770இல் தொடங்கி 1791இல் முடிந்த கட்டடம். இங்கே காக்கவேண்டியது இடிக்கப்பட்ட ஒரு சுவர், அதுவும் பிறகு அழிந்த ஒரு கோவிலுக்குள் இருந்தது.

வடக்கன்குளம்: ஓர் ஒப்பீடு

நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் நிலைமை நேர்மாறு. அங்கே 1872இல் எழுந்த திருக்குடும்ப ஆலயத்தைக் காற்சட்டைக் கோவில் என்று மக்கள் அழைத்தார்கள். நடுவில் ஒரு பலிபீடம். அதிலிருந்து பிரியும் இரண்டு நீண்ட கூடங்கள். ஒன்றில் வேளாளர், மற்றதில் நாடாரும் பிறரும். இரு கூடத்தாருக்கும் குருவானவர் தெரிவார். ஒரு கூடத்தார் மறுகூடத்தாருக்குத் தெரியமாட்டார்கள். சாதியை இவ்வளவு துல்லியமாக வரைபடத்தில் கொண்டுவந்த வேறொரு கோவில் தமிழ்நாட்டில் இருக்குமா என்பது ஐயமே. 1910இல் கௌசானல் அடிகளார் தடுப்பை அகற்றினார். வேளாளக் கிறித்தவர்கள் நீதிமன்றம் போனார்கள். சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றும் தனியிட உரிமை அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஆ. சிவசுப்பிரமணியனின் ‘கிறித்தவமும் சாதியும்’ இந்த வரலாற்றை ஆவணங்களோடு விரிவாகத் தருகிறது.

வடக்கன்குளத்தில் கட்டடமே சாட்சி. அதைக் காத்தால் வரலாறும் உடன் காக்கப்படும். சம்பா கோவிலில் இடம் மட்டுமே மிஞ்சியிருக்கிறது; சாட்சி நாட்குறிப்பில் இருக்கிறது. முன்னதற்குக் கொத்தனார் தேவை, பின்னதற்கு வரலாற்றாசிரியர் தேவை. பாரம்பரியப் பாதுகாப்பு என்றதும் நம் துறைகள் முதலாமவரை மட்டுமே நினைக்கின்றன.

சட்டம் தருவதும் பறிப்பதும்

1958ஆம் ஆண்டின் தொன்மைச் சின்னங்கள் சட்டம், நூறாண்டு கடந்த, வரலாற்று அல்லது தொல்லியல் அல்லது கலை ஈர்ப்புடைய கட்டுமானம் எதையும் ஏற்கும். சம்பா கோவிலுக்கு வயதும் உண்டு, வரலாறும் உண்டு. சட்டத்தின் சொற்கள் இந்தக் கோரிக்கையைத் தடுக்கவில்லை. ஆயினும் இந்தியத் தொல்லியல் துறையின் பட்டியலில் சேர்ப்பதை நான் ஆதரிக்கவில்லை. காரணங்கள் கனமானவை.

2010இல் வந்த திருத்தம், பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டுமானத்தைத் தடைசெய்கிறது. அதற்கப்பால் மேலும் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே எதையும் கட்டமுடியும். மிஷன் வீதி நெருக்கமான கடைத்தெரு. பேராலயம் நாள்தோறும் பூசை நடக்கும் இடம். அதன் ஒவ்வொரு பழுதுக்கும் தில்லியின் அனுமதிக்காகக் காத்திருக்கவேண்டிய நிலை வரும். இதைவிடக் கனமான காரணம் ஒன்று உண்டு. 1947 ஆகஸ்ட் 15இல் இருந்த சமயத் தன்மையை மாற்றக்கூடாது என்று வழிபாட்டிடங்களுக்குக் காப்பளிக்கும் 1991ஆம் ஆண்டுச் சட்டம், 1958 சட்டத்தின்கீழ் வரும் தொன்மைச் சின்னங்களைத் தன் வரம்பிலிருந்து விலக்கியிருக்கிறது. 1748இன் வரலாற்றைச் சுமக்கும் ஒரு வளாகத்தை அந்தக் காப்பிலிருந்து வெளியே இழுத்துவிடுவது, சமத்துவத்தின் நினைவைக் காக்கப்போய் ஒரு பகைக்குக் கதவைத் திறந்துவிடுவதாகும். வேதபுரீசுவரருக்கு வேறிடத்தில் கோவில் எழுந்து, வழிபாடு சிறப்பாக நடந்துவருகிறது. அந்த அமைதியைக் குலைக்க எவருக்கும் உரிமை இல்லை.

தேசியத் தகுதி என்பது இன்னொரு முரணையும் வெளிக்கொணரும். குடியரசுத் தலைவரின் 1950ஆம் ஆண்டு ஆணை, இந்துக்களையும் பின்னர் சேர்க்கப்பட்ட சீக்கியர், பௌத்தர்களையும் மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்கிறது. புதுச்சேரிக்கென 1964இல் வந்த ஆணையும் அதே வழியில் செல்வது. மதம் மாறியவர்களின் கோரிக்கையை ஆராய, முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் 2022இல் ஆணையம் அமைந்தது. கிறித்தவத்தில் சாதி இல்லை என்று சட்டத்தில் சொல்லிக்கொண்டே, கிறித்தவக் கோவிலுக்குள் சாதிச் சுவர் இருந்ததைத் தேசிய வரலாறாக அறிவிப்பது அரசுக்கு எளிதாக இராது. உண்மையான அங்கீகாரம் தொடங்கவேண்டிய இடம் அந்த ஆணைதான்.

சபைக்கும் இது முடிந்த கதை அன்று. இதே புதுச்சேரி–கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில், தலித் கிறித்தவர்கள் தனிப் பங்கு கேட்டதையொட்டி 2008 மார்ச்சில் கலவரம் மூண்டது. காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தனர். சாதிப் பாகுபாடு சபைக்குள் நிலவுகிறது என்பதை இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016இல் வெளியிட்ட கொள்கை ஆவணத்தில் ஒப்புக்கொண்டது. அந்த ஒப்புதலைக் கோவில் வாசலில் எழுதிவைக்கும் துணிவுதான் இப்போது தேவைப்படுவது.

என்ன செய்யலாம்

நிகழ்ச்சிக்காக ஓர் இடத்தைக் காக்கும் வழக்கம் புதுச்சேரிக்குப் புதிதன்று. வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த கீழூரில் 1954 அக்டோபர் 18ஆம் தேதி மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடினார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். கீழூருக்குச் சோழர் கற்றளியும் வேண்டியிருக்கவில்லை, பிரெஞ்சு முகப்பும் வேண்டியிருக்கவில்லை. வாக்கெடுப்பு நடந்த இடம் என்பதே தகுதியாயிற்று. அங்கே நினைவுத்தூண் நிற்கிறது. ஆகஸ்ட் 16இல் அரசு விழா நடக்கிறது. ஓர் அரசியல் முடிவுக்குக் கிடைத்த இந்த மரியாதை ஒரு சமூக உரிமைக்கும் கிடைக்கவேண்டும்.

மணிமண்டபம் கட்டும் நம் வழக்கம் இங்கே உதவாது. அயோத்திதாசப் பண்டிதருக்குத் தமிழ்நாடு அரசு 2023இல் மணிமண்டபம் திறந்தது வரவேற்கத்தக்கதே. ஆனால் அது கிண்டியில் இருக்கிறது. அவர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கி நடத்தியது இராயப்பேட்டையில். சிலைக்கு எந்த இடமும் பொருந்தும். போராட்டத்தின் நினைவு நடந்த இடத்தில்தான் நிற்கவேண்டும்.

சம்பா கோவிலுக்குத் தேவையானவை சிலவே. புதுச்சேரி அரசின் பாரம்பரியக் கட்டடப் பட்டியல் குறிப்பில் முகப்பின் தூண்களோடு 1745ஆம் ஆண்டு நிகழ்ச்சியும் இடம்பெறவேண்டும். வளாகத்தில், வருவோர் கண்ணில் படும் இடத்தில், தமிழிலும் பிரெஞ்சிலும் ஒரு கல்வெட்டு வைக்கவேண்டும். சுவர் இருந்தது, யாரைப் பிரித்தது, யார் கேட்டு இடிந்தது, அந்தக் கோவில் எப்போது அழிந்தது, பக்கத்துக் கோவிலுக்கு 1748இல் என்ன நேர்ந்தது என்பதை அது ஒளிக்காமல் சொல்லவேண்டும். நாட்குறிப்பின் அந்தப் பதிவு புதுச்சேரிப் பள்ளிப் பாடத்தில் சேரவேண்டும். வடக்கன்குளம் கோவிலின் இரட்டைக் கூட வடிவத்தைத் தமிழ்நாடு அரசு ஆவணப்படுத்திக் காக்கவேண்டும். கல்வெட்டின் வாசகத்தை எழுதும் குழுவில் தலித் கிறித்தவ ஆய்வாளர்கள் பெரும்பான்மையாக இருக்கவேண்டும். அவர்கள் இல்லாமல் எழுதப்படும் வாசகம் மறுபடியும் முதலியார்களின் பெயர்களைத்தான் பொறிக்கும்.

இவற்றுள் கல்வெட்டு வைப்பதற்குத் தில்லியின் அறிவிப்போ புதிய சட்டமோ வேண்டியதில்லை. உயர்மறைமாவட்டம் மனம்வைத்தால் வரும் அக்டோபருக்குள் அதைச் செய்துவிட முடியும். செய்யவேண்டும்.